சூப்பு ஆறுது

"சூப் இல்ல மேடம், சூப்பு. கடைசியில கொஞ்சம் அழுத்தி" என்றார், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்.

மைக்கின் முன்னால் நின்றிருந்த குரல்காரம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. வாரம் பூராவும் ஆங்கிலச் சொல் பாடம் வாசித்து வாசித்து நாக்குத் தேய்ந்திருந்தது. பிரெட், ஜாம், கேக் என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் என்ன, எப்படி உச்சரிப்பது, எந்த இடத்தில் சொல்வது என்று ஊருக்கே கற்றுக்கொடுத்துவிட்டாள். இன்றைக்குச் சூப். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இந்தப் புது ஆள் கொடுத்த தாளில் எல்லா வாக்கியத்திலும் அந்த ஒரே சொல்தான்.

ஆனாலும் கோபத்தை விழுங்கிக்கொண்டாள். "உங்க குரல்ல அலுப்பு தெரியுதுன்னு போன தடவை விளம்பரக்காரங்க மூஞ்சியைச் சுளிச்சுட்டாங்கக்கா. இந்தப் பார்ட்டியும் வேண்டாம்னுட்டா, அப்புறம் நான் கூப்பிட முடியாது" என்று ஸ்டூடியோக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ரெண்டு பஸ் மாறி வந்து, நாள் முழுக்க நின்றுகொண்டு கத்துகிற தொண்டையில் குயிலா கூவும்? இந்த வேலையும் போய்விட்டால் வேறு என்ன தெரியும் நமக்கு?

தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலில் தேன் ஒழுக வாசித்தாள். "சூப்பு ஆறுது, வாங்க."

"இவ்வளவு அன்பெல்லாம் வேண்டாம் மேடம்."

சரி, அன்பைக் குறைத்துக்கொண்டு செய்தி வாசிப்பதுபோல விறைப்பாக வாசித்தாள். அதுவும் வேண்டாமாம். சிரித்துக்கொண்டே வாசித்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அவளுக்கு முன்னால் இரண்டு இளம் பெண்களை இதே மனிதர்தான் திருப்பி அனுப்பியிருந்தார். பளிங்கு மாதிரி குரல் அதுகளுக்கு. அதுகளே தேறவில்லை என்றால் நான் எந்த மூலைக்கு என்று நொந்துகொண்டே அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.

"சார், இங்க 'சூப்பைக் குடிங்க'ன்னு போட்டிருக்கே. இங்கிலீஷ்ல 'ஈட் சூப்'னுதான் சொல்லணும், குடிக்கிறதுன்னு வராது. முன்னாடி ஒரு பாடத்துல வாசிச்சிருக்கேன். பாடத்துல தப்பாப் போயிடக் கூடாது பாருங்க." நல்லதுக்குத்தான் சொன்னாள்.

"தப்பாவே இருக்கட்டும். எழுதியிருக்கற மாதிரியே சொல்லிடுங்க."

தப்பாகச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடமா? என்ன கண்றாவியோ, நமக்கென்ன வந்தது என்று வாசித்தாள். "சூப்புல உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. நொட்டை சொல்லாம குடிங்க."

அவர் லேசாகச் சிரித்தார். சிரித்த முகம் சட்டென்று வாடிப்போனது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. "இன்னும் வாயைத் திறக்கலையா? சரி, கட்டாயப்படுத்தாத. இங்க முடிஞ்சுடும், கொஞ்சம் பொறு" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தார். வீட்டில் அடம்பிடிக்கிற குழந்தை இருக்கும்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாவம், இவருக்கும் நம்மைப் போல ஆயிரம் தொல்லை.

"இன்னொரு தடவை, மேடம்."

இன்னொரு தடவை ஆயிற்று. அதற்கப்புறம் இன்னும் எத்தனையோ ஆயிற்று. கால் கடுத்தது, முதுகு விண்விண்ணென்று தெறித்தது. இனிமேல் எக்கேடோ கெட்டுப் போகட்டும், வேலை போனால் போகிறது என்று ஆகிவிட்டது அவளுக்கு. தாளைக்கூடப் பார்க்காமல், சுவரில் சாய்ந்துகொண்டு, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"சூப்பு ஆறுது. எத்தனை தடவைதான் கூப்பிடுறது? வாங்களேன்."

அவ்வளவுதான், தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. அந்த மனிதர் எழுந்து நின்றிருந்தார். கண்ணாடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "இதான். இதேதான் மேடம்" என்றார்.

"ஓகே ஆயிடுச்சுக்கா. அடுத்த வாரமும் வந்துடுங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எவ்வளவு நாளாயிற்று, அவளுடைய குரலை ஒருவர் இப்படி எழுந்து நின்று கேட்டு. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த மனிதர் பதிவை அப்போதே போனில் வாங்கி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு தங்கையை அழைத்தார். "வந்துடுச்சா? சமையலறைக்குப் போயிடு. அங்கேருந்து சத்தமா போடு."

"சரிண்ணா" என்றது ஒரு பெண்குரல்.

பாடத்தைக் கேட்க இவ்வளவு ஏற்பாடா என்று குரல்காரம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். போனுக்குள், எங்கோ ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து, அவளுடைய குரல் அலுத்துக்கொண்டு கூப்பிட்டது.

பிறகு யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வருவது கேட்டது. கூடவே, நடுங்குகிற ஒரு முதியவரின் குரலும் வந்தது.

"வரேன்டி, வரேன். நீ செத்துட்டதா இதுங்க சொல்லுதுங்க, பாரு."