வாத்தின் கழுத்து

"விரிசல் விட்ட கல்லைக் குடுத்து ஏமாத்துறீங்களா மாஸ்டர்?"

கழுத்து ஒடிந்த வாத்தை மேஜைமேல் வைத்தேன். மாக்கல் செதுக்கப் புதிதாகப் பழகிக்கொண்டிருந்த எட்டுப் பேரும் அரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மாஸ்டர் உடைந்த இடத்தை விரலால் தடவினார்.

"தப்பு என் பேர்லதான் சார். தட்டிப் பார்த்துக் குடுத்திருக்கணும். நல்ல கல்லுன்னா கணீர்னு கேக்கும்."

"மூணு வாரம் இவ கை தேய இழைச்சது. உங்களுக்கென்ன போச்சு?"

"போதும், வாங்க," என்றாள் என் மனைவி.

மாஸ்டர் வேறொரு கல்லை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

கல்லில் விரிசலே கிடையாது. அது எனக்குத் தெரியும்.

முந்தின நாள் காலை, "இது வாத்தா, உருளைக்கிழங்கா?" என்று அவளைச் சீண்டினேன்.

"நான் வாத்துன்னா வாத்துதான். உங்களை மனுஷன்னு சொல்லிக்கிட்டுத் திரியலையா?" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

கழுத்துதான் கொஞ்சம் தடிமன். நாமே இளைக்க வைத்துவிடலாமென்று அவளுடைய அரத்தை எடுத்தேன். கழுத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு இழைக்க வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? நாலு இழுப்பு. தலை தனியே வந்துவிட்டது.

தலையை ஒட்டினாற்போல் பொருத்தி அலமாரியில் வைத்தேன். அவள் எடுத்தபோது தலை விழுந்தது. "கல்லே சரியில்ல போல," என்றேன். சொன்ன பொய் நிலைக்க வேண்டுமே, மறுநாள் அவளோடு போய் அப்படிக் கத்தினேன்.

அன்றோடு அவள் வகுப்பை விட்டாள்.

"இனிமே எந்த மூஞ்சியோட அங்க போறது?" என்றாள். அதற்கப்புறம் கல்லைத் தொடவில்லை.

அவள் கண்ணை மூடிய பிறகு மாஸ்டரைத் தேடிப் போனேன்.

"அன்னிக்கு உடைச்சது நான்தான் மாஸ்டர்."

"தெரியும் சார். அக்கா அரத்தை ஒரே பக்கமாத்தான் தள்ளுவாங்க. கழுத்துல இருந்த கீறல் முன்னும் பின்னுமா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அத்தனை பேர் முன்னால பழியை ஏத்துக்கிட்டீங்க?"

அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"நீங்க வண்டியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள அக்கா ஓடி வந்து சொன்னாங்க. 'ஆசையாத் தொட்டு உடைச்சுட்டார். ஒத்துக்கக் கூச்சப்படுறார். கல்லுலதான் விரிசல்னு சொல்லிடுங்க'ன்னு."