வலதுகால் சப்பாத்து

பந்து உயரே போய், நடுக்கோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்துக் கோல் அருகே இறங்கியது.

அம்பிகைபாகன் கைதட்டவில்லை. பந்தைக் கொண்டுவரச் சொன்னார்.

கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். காற்று அளவோடுதான் இருந்தது. கைக்குட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். கடல் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்றில்லை. கைக்குட்டை அசையாமல் தொங்கியது.

அப்படியானால் பையன் உண்மையிலேயே அவ்வளவு தூரம் உதைக்கிறான். அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

பையன் பெயர் ராமதாஸ். கல்லூரி அணியின் கோல்கீப்பர், இருபத்திரண்டு வயது, தாசேக் கெலுகோர் தோட்டத்துப் பிள்ளை. பந்தைக் கையிலிருந்து விட்டு உதைத்தால் எண்பது கெஜம் போகும் என்று பினாங்கு முழுக்கப் பேச்சு. செமி-புரோ கிளப்புக்கு அப்படி ஒரு கால் தேவைப்பட்டது. எடுத்துக்கொண்டால் மாதம் எண்ணூறு வெள்ளிச் சம்பளமும் முதுகில் ஒரு நம்பரும் கிடைக்கும். இல்லையென்றால் படிப்பு முடிந்த கையோடு பாயான் பாரு பேக்டரிதான்.

எடுப்பதும் விடுவதும் அம்பிகைபாகன் கையில் இருந்தது. துறைமுக ஆபீசில் முப்பது வருஷம் பைல் பார்த்தவர், இப்போது கிளப்புக்காகக் கால் பார்க்கிறார்.

போன வருஷம் அவர் பிடித்துக் கொடுத்த இரண்டு பேரும் முழங்கால் வலியை மறைத்து வந்தவர்கள். ஒருவன் மூன்றாவது ஆட்டத்தில் ஸ்ட்ரெச்சரில் போனான். மற்றவன் முதல் ஆட்டத்தையே தாண்டவில்லை. இன்னும் ஒரு நொண்டியைக் கூட்டி வந்தால் நீங்களும் அவனோடு வீட்டுக்குப் போகலாம் என்று மானேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை. ஆள் எடுக்கப் போனால் முதலில் குனிந்து முழங்காலை முகர்ந்து பார்ப்பார். தைல வாடை அடித்தால் அத்தோடு சரி. ராமதாஸின் முழங்காலில் சோப்பு வாடைதான் அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருப்பானோ என்று அதற்கும் சந்தேகப்பட்டார்.

போதாக்குறைக்குக் கல்லூரிப் பயிற்றுநர் ஹனீபா ஒரு கிளாஸ் தே தாரேக் டீ வாங்கி வந்து நீட்டினார். ஹனீபா ஒருவருக்குப் பச்சைத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துக்கூட அவர் பார்த்ததில்லை.

கிளாஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இடது காலால் உதைக்கச் சொன்னார்.

ராமதாஸ் உதைத்தான். பந்து பாதித் திடல்கூடப் போகவில்லை.

இடக்காலால் உதைப்பவன் வலக்காலை ஊன்றி நிற்க வேண்டும். இவன் ஊன்றவில்லை; தணலை மிதித்தவன்போலச் சட்டென்று எடுத்துக்கொண்டான். வலக்காலால் உதைத்ததையெல்லாம் மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் உதைத்த காலைத் தரையில் வைக்காமல், இடக்காலிலேயே ஒரு தத்தல் தத்தி நின்றிருக்கிறான். அதைத்தான் ஹனீபா ஸ்டைல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நொண்டி.

எழுந்து கோலுக்கு நடந்தார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்.

ராமதாஸ் உட்கார்ந்து இடது சப்பாத்தைக் கழற்றினான். மற்றதைத் தொடவில்லை. ஹனீபா திடலின் மறுகோடியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"அதையும்தான் தம்பி."

கயிற்றை அவிழ்க்கவே வெகுநேரம் பிடித்தது. காலுறையில் பழுப்பாய்க் கறை. உள்ளே துணிக்கட்டு. அதைப் பிரித்தால் உள்ளங்கால் குழிவில் இரண்டு அங்குல வெட்டு, ஐந்து தையல்.

சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, நரம்புக்கும் ஒன்றும் இல்லை. இன்னும் பத்து நாளில் தானாக ஆறிவிடும்.

அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தச் சின்ன வெட்டை மறைக்கிறவன் நாளைக்கு முழங்காலையும் மறைப்பான். மறைக்கிறவனை எடுப்பதில்லை என்பது போன வருஷம் அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். காயம் எதனால் ஏற்பட்டது என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. முப்பது வருஷப் பழக்கம், கட்டத்தை வெறுமையாக விட மனசு வரவில்லை. அதனால்தான் கேட்டார்.

"தைப்பூசத் தேருக்குப் பின்னால வெறுங்கால்ல நடந்தேன் சார். டத்தோ கிராமாட் மார்க்கெட் முன்னால தேங்கா ஓடு கிழிச்சிருச்சி லா. உங்க கிளப்புல எடம் கெடைக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன், காயத்தச் சொன்னா அந்த எடமே போயிரும்னு பயமா இருந்துச்சி."

பேனா அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியில், காரணம் என்ற கட்டத்தில் கண்ணாடிச் சில்லு என்று எழுதினார். முடிவு என்ற கட்டத்தில், எடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஹனீபாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேங்காய் என்றே எழுதினால் என்ன தப்பு என்று கேட்டார். அம்பிகைபாகன் படிவத்தை மடித்துக்கொண்டார்.

போன வாரம் தைப்பூசத்தன்று, அதே மார்க்கெட் முன்னால், தேர் வருவதற்குச் சற்று முந்தி, வாழ்நாளில் முதல் தடவையாக நூற்றெட்டுத் தேங்காய் குவித்து உடைத்திருந்தார் அவர். அந்தச் சாலையில் அன்றைக்கு ஆயிரம் பேர் உடைத்தார்கள். யார் தேங்காய் யார் காலைக் கிழித்தது என்று யார் கண்டது.

இந்த வருஷமாவது குறையில்லாத ஒரு காலைக் காட்டு முருகா என்று சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொன்றையும் உடைத்தார்.