எந்திரம் சொன்ன விலை

நிரபராதி ஒருவர்கூடச் சிக்கிவிடக் கூடாது என்றுதான் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் அந்த எந்திரத்தை வைத்தார்கள். சந்தேகப்பட்ட எல்லோருக்கும் முதலில் அது சும்மா ஒரு தண்டனையைச் சொல்லும். அவர்கள் சொல்லும் பதிலை வைத்து யார் திருடன் என்று தீர்மானித்துவிடும்.

சந்தைப் பிள்ளையாரின் வெள்ளிக் குடை காணாமல் போன வழக்கில் இரண்டு பேர் நின்றார்கள். குடையை எடுத்தவர் ‘ஒரே விலை’ ஜவுளிக்கடை கனகசுந்தரம். எடுக்காதவர் பக்கத்துப் பாத்திரக்கடை ஆவுடையப்பன். அவருக்கு அடுத்த மாதம் மகள் கல்யாணம்.

“ஆறு மாதம் சிறை” என்றது எந்திரம்.

“முடியாதுங்க” என்றார் கனகசுந்தரம். கடை திறந்த நாளிலிருந்து, விலை குறைக்கச் சொன்னால் அவர் வாயில் வரும் ஒரே பதில் அதுதான்.

“நிரபராதிதான் இப்படி அடித்துச் சொல்வான். நீங்கள் போகலாம்.”

ஆவுடையப்பனுக்கும் அதே ஆறு மாதத்தைச் சொன்னது.

“ஆறா? அநியாயமா இருக்கே! நமக்குள்ள என்னங்க, பாத்துச் சொல்லுங்க. ரெண்டுன்னு வைங்க.”

“குற்றம் செய்யாதவன் குறைக்கச் சொல்ல மாட்டான். திருடியது நீங்கள்தான். ஒப்புக்கொண்டதற்காக மூன்று மாதம்.”

“சரி, முடிச்சுக்குவோம்.”

கைவிலங்கோடு வெளியே வந்தவர் முகத்தில் அப்படியொரு பெருமை. “பாதியாக் குறைச்சுட்டேன், பாத்தியா?” என்றார் மனைவி மீனலோசனியிடம்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “மூணுக்கா ஒத்துக்கிட்டீங்க? வேண்டாம்னு திரும்பி நாலு எட்டு நடந்திருந்தா, அதுவே கூப்பிட்டுப் பதினஞ்சு நாளுக்கு முடிச்சிருக்கும். கல்யாணத்துக்கும் வந்திருப்பீங்க!”