மருமகளின் பதில்

கருத்துக்கணிப்புக்கு வந்த பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டவள் மருமகள். ஆனால் கேள்வியை முடிக்கவிடாமல் முந்திக்கொண்டவன் அவளுடைய கொழுந்தன்.

“இதெல்லாம் ஒரு கேள்வியா மேடம்? பக்கத்து நாட்டுக்காரனால நமக்கு என்னைக்குமே ஆபத்துதான். உள்ள புகுந்து அடிக்கணும். போர்னு போட்டுக்குங்க!”

அவன் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

சுவரில் ராணுவ உடையில் இருந்தவனின் படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “உங்க வீட்டுக்காரரா அக்கா?”

“ஆமா. போன சண்டையில போயிட்டாரு.”

“கேக்கவே சங்கடமா இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க? பேச்சுவார்த்தையா, போரா?”

“போர்தான். நாளைக்கே வந்தாலும் எனக்குச் சந்தோஷம்.”

“அப்படிச் சொல்லுங்க அண்ணி!” கொழுந்தன் கைதட்டினான்.

மாமியார் பதறிப்போனாள். “ஏம்மா, நாம பட்டது போதாதா? இன்னொருத்தி பெத்த பிள்ளையும் சாகணுமா?”

“இன்னொருத்தி பிள்ளை எதுக்கு அத்தை?” மருமகளின் பார்வை கொழுந்தனை விட்டு நகரவில்லை. “வீட்டுக்கு ஒருத்தர் போகணும்கிறதுதானே சட்டம்? போன தடவை தம்பியைத்தான் கூப்பிட்டாங்க. முதுகு வலிக்குதுன்னு படுத்துக்கிட்டாரு. அவருக்குப் பதிலா என் புருஷன் போனாரு. இந்தத் தடவை அவருக்குப் பதிலாப் போக நம்ம வீட்டுல ஆளில்லையே.”

கொழுந்தன் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினான். “மேடம்... நான் சொன்னதை மாத்திக்கலாமா?”

“அவரு மாத்திக்கட்டும்மா,” என்றாள் மருமகள். “என் பதில் அப்படியே இருக்கட்டும்.”