புருனோவின் காத்திருப்பு

ஆம்பூரில் மாலை ஆறு மணிக்கு ஷூ கம்பெனி பஸ் வந்து நின்றது. இறங்கிய பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது நாய் புருனோ. கடைசிப் பெண்ணும் இறங்கியதும் தலையைத் தரையில் சாய்த்துப் படுத்துவிட்டது.

"ஷீபா தவறிப்போய் ஒரு வருஷமாச்சு. இன்னும் இந்த பஸ்ல வருவான்னு பாக்குதே!" என்று கண்ணைத் துடைத்தாள் எல்லம்மா. ஷீபாவோடு தையல் பிரிவில் வேலை பார்த்தவள்.

ஷீபாவின் கணவன் தானியேல் புருனோவின் சங்கிலியைப் பிடித்திருந்தான்.

"பதினோரு படம் நடிச்ச நாய். பழைய படம்னாலும் டிவில போட்டா தெருவே பாக்குது. வயசான காலத்துல அதுக்கு இந்த பேஜார் வேணாம்ண்ணா. காட்பாடில எங்க அக்கா வூட்ல வுட்டுர்றேன். மறந்துடும்," என்றாள் எல்லம்மா.

"வேணாம்மா."

"நீங்க கல்லு மாதிரி நிக்கிறீங்க. அதுதான் தெனமும் ஏமாந்து போவுது."

மறுநாள் அவள் லீவு போட்டு தானியேல் வீட்டுக்கு வந்து, பிடிவாதமாக நாயை வாங்கிக்கொண்டாள். கடைசியாக ஒருமுறை பார்க்கட்டும் என்று பஸ் நிற்கும் இடத்துக்குத் தான் மட்டும் அழைத்துப் போனாள்.

பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"இன்னாண்ணா இது? பஸ்ஸு வந்துச்சு, எல்லாரும் எறங்கினாங்க. இது திரும்பிக்கூட பாக்கல. டீக்கடை பிஸ்கட்டையே பாத்துட்டு நிக்குது!"

"நான் ரெண்டு விரலை நீட்டினா முகத்தைப் பாக்கும். மடக்கினா படுத்துக்கும். சினிமால பழகினது."

"அப்ப தெனமும் நீங்கதான் பாக்க வெச்சீங்களா? எதுக்கு?"

தானியேல் சங்கிலியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"ஷீபா வந்த பஸ்ஸைப் பாக்காம என்னால இருக்க முடியல. ஆனா பொம்பளைங்க எறங்கற பஸ் முன்னாடி, நாய் இல்லாம ஒரு ஆம்பளை தெனமும் வந்து நின்னா தப்பா பேசுவாங்களேம்மா."