பொய்ச் சமாதி

கேமரூனுக்குள் அமெரிக்கக் கம்பெனியின் எண்ணெய்க் குழாய் வருகிறது, பாதையில் உள்ள சமாதிக்குத் தனி நஷ்டஈடு என்றதும், எங்கள் ஊரில் முற்றத்துக்கு முற்றம் சமாதி முளைத்தது.

நிஜச் சமாதிதானா என்று பார்க்கக் கம்பெனி அதிகாரி எலா சொல்ல, கம்பெனி பொக்லைனால் நான் ஆறு சமாதிகளைத் தோண்டினேன். ஆறிலும் பிணத்துக்குப் பதில் வாழைத்தண்டு.

ஏழாவது, என் தங்கை புருஷன் அபெசோலோவுடையது. "ஐயா, இதுவும் பொய்தான். பணமே வேணாம், தோண்டாதீங்க," என்று எலாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என் தங்கச்சி மெங்கே இவனை விட்டுட்டு துவாலா பட்டணத்துக்கு ஓடினதுலேர்ந்தே இப்படித்தாங்க, பயந்தாங்கொள்ளி," என்றேன்.

எலாவுக்கு மனம் குளிர்ந்தது. "ஊர்லயே இவன் ஒருத்தன்தான்யா யோக்கியன். கேஸ் வேணாம், விட்டுடு."

பிறகு வரைபடத்தைப் பார்த்தார். "உள்ள ஆள் இல்லேன்னு அவனே சொல்லிட்டான். சுத்தி வளைக்காம குழாய்ப் பள்ளத்தை இது வழியாவே எடு."

எடுத்தேன். பொக்லைன் பல்லில் மாட்டிக்கொண்டு மெங்கேயின் மஞ்சள் கவுன் மேலே வந்தது.