குழிக்கு அந்தப் பக்கம்

பல் டாக்டருக்குத் தன் சகலையைக் கண்டாலே வயிறு எரியும். கோல்ஃப் மைதானத்தில் பந்து குழியருகே வந்துவிட்டால் சகலை தவறவிடவே மாட்டார். பந்துக்குப் பின்னால் குந்தி வழி பார்ப்பார். சுற்றிப்போய்க் குழிக்குப் பின்னாலும் குந்திப் பார்ப்பார். திரும்பி வந்து மெல்லத் தட்டுவார். பந்து சொன்ன பேச்சைக் கேட்டு உள்ளே விழும்.

"அத்தானோட நிதானமே தனிதான். நீங்களும் இருக்கீங்களே!" என்பாள் டாக்டரின் மனைவி.

டாக்டர் வீட்டுக் கம்பளத்தில் டம்ளரைச் சாய்த்துவைத்து, சகலை செய்வதை அச்சு அசலாகப் பழகினார்.

ஞாயிறு காலை, கடைசிக் குழிவரை இருவரும் சமம். டாக்டர் பந்துக்குப் பின்னால் குந்திப் பார்த்தார். சுற்றிப்போய்க் குழிக்குப் பின்னால் குந்தித் தலை நிமிர்ந்தார். எதிரே, பந்துக்குப் பின்னால், அவருடைய சட்டையில் அவரே இன்னும் குந்தியிருந்தார்.

அந்த ஆள் எழுந்து மட்டையால் தட்டினான். பந்து நேராக வந்து குழியில் விழுந்தது.

"பிரமாதம்! இன்னிக்கு என்னை மண்ணைக் கவ்வ வெச்சிட்டீங்க," என்று சகலை அவன் கையைக் குலுக்கினார்.

"நான் இங்க இருக்கேன்," என்றார் டாக்டர். யாரும் திரும்பவில்லை.

வேலியோரம் நின்ற மனைவி ஓடிவந்தாள். "நம்பவே முடியலைங்க!" என்று அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். இருவரும் கார் நிற்குமிடத்துக்கு நடந்தார்கள்.

தன் தோளில் அவள் கடைசியாக எப்போது அப்படிச் சாய்ந்தாள் என்று டாக்டர் குந்தியபடியே யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது.